கண்ணாடிக் கதவும் கரும்புகையும்

கல்வராயன் மலையின் அடிவாரத்தில் பணியாற்றும் எந்தப் பங்குக்கும் ஒரு கடமை கேளாமலே வந்து சேர்ந்துவிடுகிறது. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து படிப்பை நாடி இறங்கிவரும் மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்குத் தங்க இடம் வேண்டும். நம் பங்கிலும் அத்தகைய பெண் பிள்ளைகளுக்கென ஓட்டுக் கட்டிடத்தில் ஒரு விடுதி நெடுநாளாக நடந்து வந்தது. மழைக்காலத்தில் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டுப் பிள்ளைகள் மூலையில் சுருண்டு படுப்பதைக் கண்டு மனம் பொறாமல், புதிய கட்டிடம் ஒன்று எழுப்புவதெனப் பங்குப் பேரவை தீர்மானித்தது.

இளம் பொறியாளர் வரைபடத்தோடு வண்ணப் படம் ஒன்றையும் கொண்டுவந்தார். இரண்டு மாடி. முகப்பு முழுவதும் நீலக் கண்ணாடி. சென்னையில் பெரிய மருத்துவமனைகளும் கணிப்பொறி நிறுவனங்களும் நிற்பது போன்ற தோற்றம். இளைஞர் இயக்கத்தார் அதைக் கைக்குக் கை மாற்றி மாற்றிப் பார்த்து மகிழ்ந்தனர். உண்மையைச் சொன்னால் நமக்கும் அந்த ஆசை பற்றிக்கொண்டது. நாற்சந்தியிலிருந்து பார்த்தால் பளபளவென்று தெரியும் அன்றோ! வளைகுடா நாட்டில் வேலை செய்யும் நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர், முகப்பின் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாக ஏற்கெனவே எழுதியிருந்தார்.

அன்று கூட்டத்திற்கு மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். அவருடைய பேத்திகள் இருவர் விடுதியில் படிக்கின்றனர். படம் அவர் கைக்கும் போயிற்று. வெகுநேரம் பார்த்துவிட்டு, "சாமி, தீப்பிடிச்சா இந்தக் கண்ணாடி என்ன ஆவுங்க?" என்று கேட்டார்.

பொறியாளர் சிரித்தார். "கண்ணாடி எரியாது தாத்தா" என்றார்.

"எரியாதுங்க, வெடிக்கும். அரிக்கேன் லைட்டு சிமினியிலே ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலே படீர்னு போயிடுதே" என்றார் பெரியவர்.

கூட்டம் சிரித்தது. ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்லுவோம்.

அந்தச் சிமினியில் அடங்கியிருப்பதுதான் இப்பொருளின் அடிப்படை. கண்ணாடி வெப்பத்தை மெல்லக் கடத்தும் பொருள். ஒரு பகுதி சூடேறி விரியும்போது, மற்றொரு பகுதி சட்டத்தினுள் மறைந்து குளிர்ந்தே இருக்கும். விரிய முயலும் நடுப்பகுதி, விரியாத ஓரத்தை இழுக்கிறது. அமுக்கினால் தாங்குகிற கண்ணாடி, இழுத்தால் தாங்காது. நடுவுக்கும் ஓரத்துக்கும் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வேறுபாடு ஏற்பட்டாலே சாதாரணச் சன்னல் கண்ணாடி பிளந்துவிடக்கூடும். தீ மூண்ட சில நிமிடங்களில் அது நேர்ந்துவிடுகிறது. கண்ணாடி விழுந்த இடம் நெருப்புக்கு வாசலாகிறது. கீழ்மாடியின் சன்னல் வழியே வெளிவந்த தழல், மேல்மாடியின் சன்னல் வழியே உள்ளே நுழைகிறது.

"வலுவூட்டப்பட்ட கண்ணாடி போடுவோம், ஃபாதர், சுத்தியலால் அடித்தாலும் உடையாது" என்றார் பொறியாளர். அது உண்மையே. சூடாக்கித் திடீரெனக் குளிரூட்டிச் செய்யும் அக்கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு வலிமை உடையது. 200 பாகை வேறுபாட்டையும் ஓரளவு தாங்கும். எனினும் அந்த எல்லையைக் கடந்தவுடன் முழுப் பலகையும் கற்கண்டுத் தூளைப் போல ஒரே கணத்தில் உதிர்ந்துபோகும். அடிக்கு வலிமை என்பது வேறு, தீக்கு வலிமை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிக் கட்டிடம் கட்டுவோர் நம்மிடையே ஏராளம்.

தீயைத் தாங்குவதற்கெனவே செய்யப்படும் கண்ணாடிகள் உண்டு. அவற்றுள் மூத்தது கம்பிவலைக் கண்ணாடி. அமெரிக்கரான ஃபிராங்க் ஷூமன் 1892 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். தீயில் இதுவும் விரிசல் விடும். ஆனால் உள்ளிருக்கும் கம்பிவலை துண்டுகளை விழவிடாமல் பிடித்துக்கொள்ளும். பழைய பள்ளிகளிலும் ஆலைகளிலும் இதைக் காணலாம். இதில் ஒரு குறை உண்டு. ஓடிவரும் குழந்தை கையை ஊன்றினால் இக்கண்ணாடி எளிதில் உடைகிறது. கையை இழுக்கும்போது அறுந்த கம்பி சதையைக் கிழிக்கிறது. பிள்ளைகள் உள்ள இடத்திற்கு இது ஏற்றதன்று. அடுத்தது, ஆய்வுக்கூடக் குடுவைகள் செய்யப்படும் போரோசிலிகேட் கண்ணாடி. சூட்டில் மிகக் குறைவாகவே விரிவதால் எளிதில் பிளவுபடாது.

மூன்றாவது வகைதான் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. பல கண்ணாடித் தகடுகளை அடுக்கி, அவற்றினிடையே சோடியம் சிலிகேட் போன்ற பொருளை மெல்லிய படலமாக நிரப்பியிருப்பர். பார்ப்பதற்குச் சாதாரணக் கண்ணாடியே. தீ ஒரு புறம் தாக்கி, சூடு 120 பாகை அளவை எட்டியதும் அந்தப் படலம் பொங்கி, நுரைத்து, வெண்மையான திரையாகிவிடுகிறது. நாட்டு மருத்துவர்கள் சட்டியில் படிகாரத்தைப் பொரிப்பதை நம் தாய்மார்கள் பார்த்திருப்பார்கள். தெளிவாயிருந்த கல், உள்ளடங்கிய நீர் ஆவியாகி வெளியேற, வெண்மையாகப் பொங்கிவருமே, ஏறத்தாழ அதே செயல்தான் இங்கும் நடைபெறுகிறது. முன்தகடு பிளந்தால் அடுத்த படலம் பொங்கும். அது தீர்ந்தால் அதற்கடுத்தது.

இதில் நுட்பமான வேறுபாடு ஒன்றைக் குறிக்க வேண்டும். தழலையும் புகையையும் மட்டும் தடுக்கும் கண்ணாடி உண்டு. அத்துடன் வெப்பத்தையும் தடுக்கும் கண்ணாடி உண்டு. முதல் வகையை ஈ என்றும் இரண்டாம் வகையை ஈ.ஐ. என்றும் ஐரோப்பியர் குறிக்கின்றனர். அந்த எழுத்துகளை அடுத்துவரும் 30, 60, 120 என்னும் எண்கள், எத்தனை நிமிடம் தாங்கும் என்பதைக் காட்டும். முதல் வகைக் கண்ணாடி உடையாமல் நின்றாலும், வெயில் சன்னலைத் துளைத்து வருவதுபோல நெருப்பின் அனல் அதைத் துளைத்து வரும். அப்புறத்திலுள்ள திரைச்சீலையும் பாயும் தாமே பற்றிக்கொள்ளலாம். அதன் பக்கமாக எந்தப் பிள்ளையும் நடந்து செல்ல இயலாது. இரண்டாம் வகையில், தீப்படாத பக்கத்தின் சூடு தொடக்க நிலையிலிருந்து சராசரியாக 140 பாகைக்கு மேல் உயரக் கூடாது என்பது விதி. பிள்ளைகள் இறங்கி ஓடும் படிக்கட்டின் ஓரத்தில் எது வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கண்ணாடியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுச் சட்டத்தை மறந்துவிடுவதுதான் உலக வழக்கம். சோதனை உலைகளில் சூடு 30 நிமிடத்தில் 840 பாகையையும், 60 நிமிடத்தில் 945 பாகையையும் எட்டுமாறு ஏற்றப்படுகிறது. அலுமினியம் உருகுவதோ 660 பாகையில். ஆகவே எத்துணை விலையுயர்ந்த கண்ணாடியைச் சாதாரண அலுமினியச் சட்டத்தில் பொருத்தினாலும், கண்ணாடி நிற்க, சட்டம் உருகிக் கண்ணாடியைக் கீழே தள்ளிவிடும். எஃகு உருகாது, ஆனால் 600 பாகையை நெருங்கும்போது தன் வலிமையில் பாதியை இழந்து வளையத் தொடங்கும். நம் ஆலயங்களில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை இணைத்திருக்கும் ஈயப் பட்டையோ 327 பாகையிலேயே உருகிவிடும்.

மரம்? எரியும் பொருளாயிற்றே என்று எண்ணத் தோன்றும். நல்ல வைரம் பாய்ந்த மரம் நிமிடத்திற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கருகுகிறது. மேற்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்திற்குப் போர்வையாகிறது. எனவே போதிய தடிமனுள்ள மரச்சட்டம் மெல்லிய உலோகச் சட்டத்தைவிட நெடுநேரம் நின்றுவிடுவதுண்டு. இதைக் கேட்டதும் நமக்குப் பெருமகிழ்ச்சி. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்ற கலை அன்றோ! உடனே நமக்குத் தெரிந்த சிற்பத் தச்சர் ஒருவரை அழைத்தோம். அவர் ஆர்வத்தோடு, "சட்டம் முழுவதும் திராட்சைக் கொடி செதுக்கித் தருகிறேன்" என்றார். செதுக்கச் செதுக்கத் தடிமன் குறையும், தடிமன் குறையக் குறைய நிமிடங்கள் குறையும் என்பதை விளக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தவிர, கண்ணாடி, சட்டம், கீல், திருகு, இடுக்கில் வைக்கும் பட்டை ஆகிய எல்லாவற்றையும் ஒரே கதவாக இணைத்து உலையில் வைத்துச் சோதித்தால்தான் அது செல்லுபடியாகும். நம் நாட்டில் ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய சோதனைகளைச் செய்கிறது. சோதித்த கதவில் ஒரு திருகை மாற்றினாலும் அந்தச் சான்றிதழ் வெறுங் காகிதம். தச்சரின் திராட்சைக் கொடியைச் சிற்றாலயக் கதவுக்கு ஒதுக்கினோம். அவருக்குச் சிறிது வருத்தந்தான்.

இங்கே நாம் உறங்காத அந்த இரவுக்குத் திரும்ப வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் ஆண் பிள்ளைகள் விடுதி ஒன்று நம் பொறுப்பில் இருந்தது. திருட்டுப் பயம் காரணமாகச் சன்னல்களுக்கு இரும்புக் கிராதியும், பின்வாசலுக்குக் கிராதிக் கதவும் போட்டுப் பூட்டச் சொன்னவர் வேறு யாருமல்லர், நாமே. ஒருநாள் இரவு மின்சாரம் நின்றது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த சிறுவன் பெட்டியின்மேல் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தான். கொசுவலை பற்றிக்கொண்டது. பின்வாசல் சாவி காவலாளியின் இடுப்பில். காவலாளி தேநீர்க் கடையில். இருந்த ஒரே வாசல் வழியாகப் பிள்ளைகள் புகையில் இருமிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவராக வெளியே விழுந்தனர். இறைவன் அருளால் உயிர்ச்சேதம் இல்லை. ஒரு சிறுவனுக்கு முன்கை வெந்துபோயிற்று. அவனுடைய திருமணத்தை நாமே நடத்திவைத்தோம். மணமக்களின் கைகளை இணைத்த வேளையில் பட்டுச் சட்டையின் கை சற்று மேலேறியது. அந்த வடு அப்படியே இருந்தது. அவன் புன்னகை செய்தான். நாம்தான் அடுத்துச் சொல்ல வேண்டிய சொற்களை மறந்து புத்தகத்தைத் தேடினோம்.

16 ஜூலை 2004 அன்று கும்பகோணத்தில் நிகழ்ந்ததை எந்தத் தாய்தான் மறப்பாள்? பள்ளியின் சமையற் கொட்டகையில் மூண்ட தீ, மாடி வகுப்பறைகளின் கூரைக் கீற்றைப் பற்றியது. குறுகலான படிக்கட்டு, 94 குழந்தைகள் மாண்டனர். அங்கே பழி கண்ணாடியின்மேல் இல்லை. சமையலறைக்கும் வகுப்பறைக்கும் இடையே தீயைத் தடுக்க ஒன்றுமில்லை என்பதே குறை. அதன்பின் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அந்நிகழ்ச்சியை ஒட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 13 ஏப்ரல் 2009 அன்று தீர்ப்பளித்து, பாதுகாப்பான பள்ளியில் படிப்பது கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று உரைத்தது.

கீற்றைத் தள்ளிவிட்டுக் கண்ணாடிக்குத் தாவினால் அச்சம் தீர்ந்துவிடுமா? கொல்கத்தாவின் தாக்குரியா பகுதியிலுள்ள மருத்துவமனையைப் பாருங்கள். 9 டிசம்பர் 2011, விடியுமுன். நிலவறையில் அடுக்கிவைத்திருந்த பொருள்கள் பற்றின. தீ மேலே வரவில்லை, புகை வந்தது. குளிர்சாதனக் குழாய்களும் மற்ற இடைவெளிகளும் அதற்கு வழியாயின. கட்டிடத்தைச் சுற்றிலும் திறக்கவியலாத கண்ணாடிச் சுவர். புகை வெளியேற வழியில்லை. அருகிலிருந்த குடிசைப் பகுதி இளைஞர்கள் ஓடிவந்து கண்ணாடியை உடைத்து நோயாளிகளை இறக்கினர். ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மூச்சுத் திணறி. கேரளத்திலிருந்து பணிக்கு வந்திருந்த இளஞ் செவிலியர் இருவர், தங்கள் பிரிவிலிருந்த நோயாளிகள் எண்மரை வெளியேற்றிவிட்டு, எஞ்சிய ஒருவரை மீட்கத் திரும்பிச் சென்று அங்கேயே உயிர்நீத்தனர்.

நம் மாவட்டத்திலேயே, 26 அக்டோபர் 2021 மாலையில், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை ஒன்று வெடித்துச் சிதறியது. பக்கத்து ரொட்டிக் கடையின் எரிவாயு உருளைகளும் வெடித்தன. பலர் இறந்தனர். அந்தக் கடைத்தெருவில் சாமான் வாங்கியவர்கள் நம் பங்கிலும் உண்டு. கடைக்கும் கடைக்கும் இடையே எத்தகைய சுவர் வேண்டும் என்ற வினாவை அந்த வாரம் முழுவதும் எல்லோரும் பேசினார்கள். அடுத்த வாரம் மறந்தார்கள்.

தேசியக் கட்டிடக் கோட்பாடு 2016 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது கண்ணாடி முகப்புகளுக்கும் விதிகள் எழுதப்பட்டன. தளத்திற்கும் முகப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் 10 மீட்டருக்கு மேற்படாத தூரத்தில் திறக்கக்கூடிய பலகைகள் இருக்க வேண்டும். அவற்றின்மேல் எழுதியும் வைக்க வேண்டும். நகரத்தில் பேருந்திலிருந்தபடியே கண்ணாடிக் கட்டிடங்களை நோக்குவோர் அந்தத் திறப்புகளைத் தேடிப் பார்க்கலாம்.

பொறியாளரை மீண்டும் அழைத்துப் பேசினோம். நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளவில்லை. தீயைத் தாங்கும் கண்ணாடியின் விலையை விசாரித்துச் சொன்னார். முகப்பு முழுவதற்கும் போடுவதானால் விடுதிக்குக் கூரை போடப் பணம் இராது. மேலும், பொங்கும் படலமுடைய கண்ணாடி 50 பாகை அளவுக்கு மேல் சூடேறினால் நாளடைவில் மங்கிக் குமிழி விடக்கூடுமாம். நம்மூர் அக்கினி நட்சத்திரத்தில் மேற்கு வெயில் தாக்கும் கண்ணாடி அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும்; வெளிப்புறத்திற்கென்றே தனி வகை வேண்டும். அளவெடுத்து ஆலையிலேயே வெட்டி வரவேண்டிய பொருள்; இங்கே வைத்து அறுக்கவோ துளையிடவோ இயலாது.

ஆகவே நீல முகப்பு போயிற்று. செங்கற் சுவரும், உள்ளிருந்து திறக்கும் பெரிய சன்னல்களும் வந்தன. இரண்டாவது படிக்கட்டு ஒன்று மறுகோடியில் சேர்ந்தது. சமையற் கூடத்திற்கும் உண்ணும் கூடத்திற்கும் நடுவிலும், இரு படிக்கட்டுகளின் வாயில்களிலும், ஒரு மணி நேரம் தாங்குமெனச் சான்றிதழ் பெற்ற எஃகுக் கதவுகள். கண் மட்டத்தில் ஒரு சிறு சாளரமாக மட்டுமே ஈ.ஐ. வகைக் கண்ணாடி, மறுபுறம் புகை இருக்கிறதா, பிள்ளை யாரேனும் நிற்கிறாளா என்று திறக்குமுன் பார்ப்பதற்கு. கண்ணாடியின் மூலையில் அதன் வகையும் நிமிடமும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று நாமே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தோம். வீட்டிலோ கடையிலோ இத்தகையது வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியதும் அதுவே. முத்திரை இல்லாத கண்ணாடியை விற்பவர் எந்தச் சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டியதில்லை.

ஒரு மணி நேரம் எதற்கு என்று பேரவையில் ஒருவர் கேட்டார். தீ ஒரு மணி நேரம் காத்திருக்கும் என்பதற்காக அன்று. இரவு இரண்டு மணிக்கு 60 பிள்ளைகளை எழுப்பி, எண்ணி, வெளியேற்றி, விடுபட்டவளைத் தேடி, தீயணைப்பு வண்டி வந்து குழாயைப் பூட்டுவதற்கு வேண்டிய நேரம் அது.

வளைகுடா அன்பருக்கு நாமே கடிதம் எழுதினோம். இரண்டு மாதம் பதிலில்லை. இளைஞர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒருநாள், அவர் வாக்களித்ததில் பாதித் தொகை வந்தது. முகப்பு இல்லையே என்ற வருத்தத்தோடு, தாம் வேலை செய்யும் உயர்ந்த கட்டிடத்தில் தீயொத்திகைக்காக மாடிமாடியாக இறங்கி முழங்கால் வீங்கிய கதையையும் எழுதியிருந்தார். மீதிப் பாதிக்குக் கோழியும் தேங்காயும் ஏலம் விட்டோம்.

திறப்பு விழாவுக்கு மலைப் பெரியவர் வந்தார். சமையற் கூடக் கதவின் சிறு கண்ணாடியை விரலால் இருமுறை தட்டி, காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, பேத்திகளின் படுக்கை எங்கே, அங்கிருந்து படிக்கட்டு எவ்வளவு தூரம் என்று அடியெண்ணி நடந்து பார்த்தார்.

தானாக மூடிக்கொள்ளும் கதவு அது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், அது மூடாதபடி அடியில் அம்மிக்குழவி முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது.

"சாம்பார்ச் சட்டியை ரெண்டு கையிலேயும் தூக்கிட்டு எப்படி சாமி கதவைத் திறக்கிறது?" என்றார் சமையல் அம்மா.

நியாயமான கேள்விதான். புகை வந்தால் தானே விட்டு மூடிக்கொள்ளும் காந்தப் பிடி ஒன்று உண்டென்று பொறியாளர் சொல்கிறார். விலை கேட்டிருக்கிறோம். அதுவரையில் அம்மிக்குழவி நம் அறையில் இருக்கிறது. சட்னி அரைக்க வேண்டும்போது வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்.